நானூற்றுப் பதினேழு

பேரணாம்பட்டுக் கம்பெனியில்
பனிக்கு பூட்ஸ் ஒட்டுகிறவர்கள் நூற்றெண்பது பேர்.
பனியைப் பார்த்தவர் ஒருவருமில்லை.

அனுப்புமுன் சோதித்துத்தான் அனுப்பினோம்.
குல்பிக்காரர் ஜப்பாரின் ஐஸ் பெட்டியில்
ஒரு ஜோடியை ராத்திரி முழுக்க வைத்தோம்.
காலையில் ஏலக்காய் வாசனையோடு வந்தது.
பிரியவில்லை. பாஸ்.

தை மாதம் புகார் வந்தது:
நாற்பது ஜோடி, அடி பிரிகிறது,
எல்லாம் இடது கால்.

துபாய்க்கென்று எடுத்து, போகாமலே கிடந்த பாஸ்போர்ட்
என்னிடம் மட்டும் இருந்ததால்
நான் போனேன்.
கம்மவான்பேட்டை மச்சான்
லடாக்கில் போட்ட கோட்டைக் கொடுத்தான்.
குளிர் எப்படி என்றதற்கு
‘மூக்கு இருக்குதான்னு
அப்பப்ப தொட்டுப் பாத்துக்கோ’
அவ்வளவுதான் சொன்னான்.

பின்லாந்தின் தலைமாட்டில் இறங்கினேன்.
பகல் அங்கே பெரிய ஆபீசர்:
பதினொன்றுக்கு வந்து
இரண்டுக்குக் கிளம்பிவிடுகிறது.
மீசையில் என் மூச்சே உப்புப் பூத்தது.
அடி வைக்க வைக்க
ஜவ்வரிசி வடாம் நொறுங்குகிற சத்தம்.
அது நின்றால்
வேறு சத்தமே இல்லை, உலகத்தில்.

எங்கள் பூட்ஸ் போட்டிருந்தவள் தபால்காரி கைசா.
அவள் இங்கிலீஷும் என் இங்கிலீஷும்
ஒரே அளவு, ஒரே இடத்தில் ஓட்டை.
ஏழு வீட்டுக்குக் கடிதம் கொடுத்தபின் சொன்னாள்:
இனி ஆற்றின் மேல் நடக்க வேண்டும்,
பயமா?

அம்மணி,
நான் பாலாற்றுக்காரன்.
பள்ளிக்கூடத்துக்கு, கல்யாணத்துக்கு, சாவுக்கு
ஆற்றின் மேல் நடந்துதான் போனேன்.
செருப்புகூட நனைந்ததில்லை.

நடு ஆற்றில் அவள் கால் மடங்கியது.
என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.
இடது பூட்ஸ்
நாய் கொட்டாவி விட்டதுபோல் திறந்து கிடந்தது.
மண்டியிட்டுக் கழற்றினேன்.
நாக்கின் உள்பக்கம் முத்திரை:
நானூற்றுப் பதினேழு.

அமுலுவின் நம்பர்.

கத்திரி வெயில், மூன்றாம் ஷெட்,
மின்விசிறி ஓடாத வரிசை.
இடது காலுக்கு முதலில் பசை பூசி வைப்பாள்,
பிறகு வலது.
கரண்ட் போய் பிரஸ் நின்றால்
காத்திருக்கும் அத்தனையும் காயும்.
முதலில் பூசியது முதலில் காயும்.
அந்த மத்தியானம்
தகரக் கூரையிலிருந்து இறங்கி
பசைக்குள் புகுந்துகொண்ட வெயில்,
கப்பலேறி, லாரியேறி
இங்கே, மைனஸ் இருபத்தெட்டில்
தன்னைக் காட்டிக்கொடுத்தது.

குனிந்த காதுக்கு ஏதோ கேட்டது.
பனிக்கட்டிக்கு அடியில்
தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.
நான் எழவில்லை.
கைசா என்னவோ கேட்டாள், விளங்கவில்லை.
எங்கள் ஆற்றிலும் முன்பு
முழங்கை ஆழம் தோண்டினால் ஊறும்,
உள்ளங்கையில் ஏந்திக் குடித்திருக்கிறோம்.
இப்போது ஊறுவதைக் கால்நடையும் முகர்ந்துவிட்டு நகர்கிறது.
அந்தத் தண்ணீரில் பதப்பட்ட தோலைத்தான்
கையில் வைத்துக்கொண்டு
ஓடுகிற தண்ணீரின் மேல்
மண்டியிட்டிருந்தேன்.
அதை அவளிடம் சொல்ல
எங்கள் இருவர் இங்கிலீஷும் போதாது.

கயிற்றால் பூட்ஸைக் கட்டிவிட்டேன்.
மிச்சம் மூன்று வீடு இருந்தது.

ரிப்போர்ட்டில்
காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்: வெயில்.
முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
‘அங்க ஏதுய்யா வெயில்?’
தொழிலாளி எண் என்ற கட்டத்தை
காலியாக விட்டிருந்தேன்.
அழிந்துவிட்டது, படிக்க முடியவில்லை என்றேன்.

பங்குனியிலேயே ஊர் நாற்பதைத் தொட்டது.
டீ நேரத்தில் அமுலு வந்து நின்றாள்.
எல்லோரும் கேட்டதை,
பனி வெள்ளையா, நீலமா,
வாயில் போட்டால் என்ன ருசி,
அவள் கேட்கவில்லை.

‘போட்டிருந்தவங்க உழுந்துட்டாங்களாண்ணா?’

இல்லம்மா.
தோளப் பிடிச்சிக்கிட்டாங்க.

பசை அப்பிய விரல்களைப் பார்த்தபடி
கொஞ்ச நேரம் நின்றிருந்தாள்.
பெல் அடித்தது.

மூன்றாம் ஷெட்டுக்கு
மின்விசிறி வந்திருக்கிறது.
ஒன்று.